செய்தால் போதுமா, விற்க வேண்டாமா?

(திருநெல்வேலியில் நடந்த பட்டிமன்றம். தலைப்பு: நம் மண்ணில் செய்த குடும்பக் கார் உலகை வலம் வரப் பெரிதும் காரணம் தயாரிப்புத் திறனே! விற்பனைத் திறனே! ‘விற்பனைத் திறனே’ அணியின் இரண்டாவது பேச்சு.)

தராசு முள் மாதிரி நடுவில் உட்கார்ந்திருக்கிற நடுவர் அவர்களே! எதிரே அமர்ந்திருக்கிற, நன்றாகப் பேசிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிற நண்பர்களே! (சிரிப்பு) தாமிரபரணித் தண்ணீரைக் குடித்து வளர்ந்த என் ஊர்ப் பெரியவர்களே, தாய்மார்களே, பிள்ளைகளே!

எனக்கு முன்னால் பேசிய அண்ணாச்சி ஒரு கேள்வி கேட்டார். கேட்டுவிட்டு இந்தப் பக்கம் திரும்பி ஒரு சிரிப்பும் சிரித்தார். என்ன கேட்டார்? “இருட்டுக்கடை அல்வாவுக்கு போர்டு இருக்கா? விளம்பரம் இருக்கா? லைட்டே ஒழுங்கா கிடையாது. ஆனா சாயங்காலம் கூட்டம் தெருவை அடைச்சுட்டு நிக்குதே! சரக்கு நல்லா இருந்தா தானா விக்கும். அப்புறம் விற்பனைத் திறன் எதுக்கு?” என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். அல்வா பேரைச் சொன்னால் நெல்லையில் யார்தான் தட்ட மாட்டார்கள்? (கைதட்டல்)

இப்போது நான் கேட்கிறேன். ஊருக்கு வந்துவிட்டு ரயிலேறுகிறவன் ஒவ்வொருவன் கையிலும் ஒரு அல்வாப் பொட்டலம் இருக்கிறதே, அது என்ன? சென்னையில் இறங்கியதும் பக்கத்து வீட்டுக்காரர்கள், “என்ன, வெறுங்கையோட வந்திருக்கீங்க?” என்று கேட்கிறார்களே, அது என்ன? நடுவர் அவர்களே, போர்டு கடைக்கு மேலே இல்லை. போர்டு நாம்தான்! நெல்லைக்காரன் ஒவ்வொருவனும் சம்பளம் வாங்காத விற்பனைப் பிரதிநிதி! (கைதட்டல்)

அதை விடுங்கள். அல்வாவுக்கும் காருக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. அல்வா வாங்கினால் ரெண்டு நாளில் கதை முடிந்தது. பிரேக் கட்டை தேய்ந்துபோச்சு என்று யாரும் அல்வாக் கடைக்குத் திரும்பி வர மாட்டார்கள். (சிரிப்பு) கார் அப்படியா? வாங்கின நாளிலிருந்து பத்து வருஷம், பதினைந்து வருஷம் அதோடு வாழ வேண்டும். சர்வீஸ் வேண்டும், பாகம் வேண்டும். நாளைக்கு விற்கப்போனால் விலை போக வேண்டும். கார் வாங்குகிறவன் சாமான் வாங்கவில்லை ஐயா, சம்பந்தம் பண்ணுகிறான்! சம்பந்தம் பண்ணினால் பெண்ணை மட்டுமா பார்ப்பார்கள்? குடும்பத்தையும் விசாரிப்பார்கள் அல்லவா? அந்த நம்பிக்கையை உண்டாக்குகிறதே, அதற்குப் பெயர்தான் விற்பனைத் திறன்.

இந்தப் பாடம் நம்ம ஆற்றுக்குப் புதிதில்லை. தாமிரபரணி கடலில் கலக்கிற இடத்தில் காயல் என்று ஒரு துறைமுகம் இருந்தது. 13-ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ வந்து பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார். பாண்டிய நாட்டுக்குக் கப்பல் கப்பலாகக் குதிரை வந்து இறங்கும். அரபு தேசத்துக் குதிரை, பாரசீகத்துக் குதிரை. அந்தக் காலத்து வாகனம் அதுதானே! ஒவ்வொரு அரசனும் வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில் வாங்குவானாம். வருஷக் கடைசியில் நூறு குதிரைகூட மிஞ்சாதாம். ஏன்? லாடம் அடிக்கவும் வைத்தியம் பார்க்கவும் இங்கே ஆள் கிடையாது. குதிரை விற்கிற வியாபாரி அந்த ஆட்களைக் கூட்டிக்கொண்டு வரவும் மாட்டானாம், வர விடவும் மாட்டானாம். குதிரை செத்தால்தானே அடுத்த வருஷமும் விற்கலாம்! சர்வீஸ் சென்டர் வைக்காமல் வண்டி விற்ற முதல் கம்பெனி அதுதான் நடுவர் அவர்களே! (பலத்த சிரிப்பு)

நடுவர்: அப்பவே ஸ்பேர் பார்ட்ஸ் பிரச்சினையா!

ஆமாம் ஐயா. சிரித்துவிட்டோம். ஆனால் யோசித்துப் பாருங்கள். குதிரையில் குறை இல்லை. வாங்கியவனிடம் முத்து இருந்தது, பொன் இருந்தது. சந்தை எப்படி நடக்கிறது என்கிற கணக்கு மட்டும் விற்றவன் கையில் இருந்தது. அதனால் பொன் இங்கிருந்து அங்கே போனது. அன்றைக்கு நாம் வாங்குகிற இடத்தில் இருந்தோம். இன்றைக்கு நாம் விற்கிற இடத்துக்கு வந்திருக்கிறோம். அதனால்தான் இந்தத் தலைப்பு வெறும் கார்த் தலைப்பு இல்லை, நம்ம வீட்டுத் தலைப்பு.

நம்ம ஊரில் காருக்கு ஒரு பேர் உண்டு. பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ‘பிளசர்!’ “பிளசர் வருது, ஓரமா போல!” என்பார்கள். (சிரிப்பு) எங்கள் சித்தப்பா ஒரு அம்பாசடர் வைத்திருந்தார். குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்தால் அதில் ஒன்பது பேர் ஏறுவோம். டிக்கியில் புளியோதரைத் தூக்கு, மாற்றுத் துணி, எண்ணெய்ப் பாட்டில். தமிழ்க் குடும்பத்துக்கு டிக்கி இல்லாத கார் கார் இல்லை! சீர் கொண்டுபோக வேண்டாமா? வாழைத்தார் ஏற்ற வேண்டாமா?

இந்த டிக்கியில்தான் என் கட்சி உட்கார்ந்திருக்கிறது. ஃபோர்டு கம்பெனி 1990-களில் சென்னைக்குப் பக்கத்தில் மறைமலைநகரில் ஆலை போட்டது. ஐரோப்பாவில் ஃபியஸ்டா என்று ஒரு கார் அவர்களிடம் இருந்தது. பின்பக்கம் வெட்டிவிட்ட மாதிரி இருக்கும், டிக்கி துருத்தாது. அதை அப்படியே கொண்டுவந்து இங்கே இறக்கியிருக்கலாம். இறக்கவில்லை. இந்தியக் குடும்பம் என்ன கேட்கிறது என்று பார்த்தார்கள். டிக்கி வைத்தார்கள். 1999-ல் ஐகான் வந்தது. அதே காரைப் பாகம் பாகமாகப் பெட்டியில் அடைத்துத் தென்னாப்பிரிக்காவுக்கும் மெக்சிகோவுக்கும் அனுப்பினார்கள். நம்ம வாழைத்தாருக்காக வைத்த டிக்கி, மெக்சிகோ குடும்பத்தின் மூட்டைக்கும் பொருந்திப்போனது! (கைதட்டல்) தகரத்தை வளைத்தது தயாரிப்புதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எந்தப் பக்கம் வளைக்க வேண்டும் என்று சொன்னது யார்? வாடிக்கையாளனின் வாசலில் போய் நின்று கேட்ட விற்பனைக்காரன்!

ஹூண்டாயைப் பாருங்கள். 1996-ல் இங்கே கம்பெனி தொடங்கினார்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் ஆலை. 1998-ல் சான்ட்ரோ வந்தது. பெயரே யாருக்கும் வாயில் நுழையவில்லை. கொரியாக் கம்பெனியா, அது எங்கே இருக்கிறது என்று கேட்ட காலம். என்ன செய்தார்கள்? ஷாருக்கானைக் கொண்டுவந்து விளம்பரத்தில் நிறுத்தி, நீங்களும் நானும் கேட்க நினைத்த சந்தேகங்களை அவர் வாயாலேயே கேட்க வைத்தார்கள். நம்பிக்கை வந்தது. அதே வண்டி வெளிநாட்டுக்குப் போனபோது சான்ட்ரோ என்று போகவில்லை, ஏட்டோஸ் என்று போனது. இங்கே வெர்னா என்று ஓடுகிற நடுத்தரக் குடும்பக் கார், பல நாடுகளில் ஆக்சென்ட் என்ற பெயரில் ஓடுகிறது. ஒரே பிள்ளைக்கு வீட்டில் ஒரு பேர், பள்ளிக்கூடத்தில் ஒரு பேர்! (சிரிப்பு) 2020 தொடக்கத்துக்குள் இந்தியாவிலிருந்து அந்தக் கம்பெனி ஏற்றுமதி செய்த கார்கள் 30 லட்சத்தைத் தாண்டின. போல்ட் முடுக்கினால் மட்டும் 30 லட்சம் கார் கடல் தாண்டுமா?

“நல்ல வண்டி, அதனால போச்சு” என்பார் அண்ணாச்சி. ஒரு காரை இன்னொரு நாட்டுக்கு அனுப்புவது என்றால் சும்மாவா? சவுதியில் ஸ்டியரிங் இடது பக்கம் வேண்டும். அந்த வெயிலுக்குத் தாங்குகிற ஏ.சி. வேண்டும். அந்த நாட்டுப் புகைச் சட்டம் என்ன, விபத்துச் சோதனை என்ன, இறக்குமதி வரி எவ்வளவு, டாலர் ஏறினால் நமக்கு லாபமா நஷ்டமா, கடன் கொடுக்க அங்கே பேங்க் இருக்கிறதா, ஒரு கண்ணாடி உடைந்தால் எத்தனை நாளில் புதுக் கண்ணாடி போய்ச் சேரும்? இத்தனை கேள்விக்கும் விடை தெரிந்த பிறகுதான் ஆலையில் முதல் தகரம் வெட்டுகிறார்கள். சமையல் அப்புறம் நடுவர் அவர்களே, விருந்தாளி யார் என்று தெரிந்துகொள்வதுதான் முதலில்!

இதை நம்ம ஜில்லாக்காரர் குடும்பமே செய்து காட்டியிருக்கிறது. டி.வி.எஸ். என்கிறோமே, அந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார் பிறந்த ஊர் எது? திருக்குறுங்குடி! 1877-ல் பிறந்தவர். (கைதட்டல்) மதுரையில் பஸ் விட்டார். அந்தக் குழுமத்தில் வந்த சுந்தரம் ஃபாசனர்ஸ் என்ன செய்தது? போல்ட், நட்டு. 1990-களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனிக்கு ரேடியேட்டர் மூடி செய்து கொடுக்கிற ஆர்டரைப் பிடித்தார்கள். ஒரு சின்ன மூடி! இங்கிலாந்தில் அந்த மூடி செய்துகொண்டிருந்த மெஷின்களையே விலைக்கு வாங்கிக்கொண்டு வந்தார்கள். அந்தக் கம்பெனியின் சிறந்த சப்ளையர் விருதையும் வாங்கினார்கள். மூடி செய்யத் தெரிந்தவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். டெட்ராய்ட்டுக்குப் போய்க் கதவைத் தட்டி, “எங்களிடம் கொடுங்கள், நாள் தவறாமல் வரும்” என்று சொல்லிச் சொன்னபடி நடந்தவர்கள் சிலர்தான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று ஆச்சி சும்மாவா சொன்னாள்?

இனிமேல் நான் சொல்லப்போவது சிரிக்கிற விஷயம் இல்லை. மறைமலைநகருக்குத் திரும்பி வருகிறேன்.

அந்த ஆலை ஆண்டுக்கு 2 லட்சம் கார் செய்யக்கூடிய ஆலை. அங்கே செய்த ஈகோஸ்போர்ட் கார், 2018-லிருந்து அமெரிக்கக் கடைகளிலேயே விற்பனைக்கு நின்றது. ஃபோர்டு கம்பெனி பிறந்த நாட்டுக்கே நம்ம பிள்ளைகள் கார் செய்து அனுப்பினார்கள்! தயாரிப்புத் திறனுக்கு இதைவிடப் பெரிய சர்டிபிகேட் உண்டா? அண்ணாச்சி, உங்கள் கட்சிப்படி அந்த ஆலை அமோகமாக ஓடியிருக்க வேண்டும். என்ன நடந்தது? 2021 செப்டம்பர் 9-ஆம் தேதி, இந்தியாவில் கார் செய்வதை நிறுத்துகிறோம் என்று அறிவிப்பு வந்தது. பத்து வருஷத்தில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்றார்கள். எதிர்பார்த்த அளவு விற்கவில்லை, ஆலையின் கொள்ளளவுக்கு வேலை இல்லை என்றார்கள். 2022-ல் கார் வரிசை நின்றது.

யார் தப்பு செய்தார்கள்? கதவு மாட்டினவனா? பெயிண்ட் அடித்தவனா? அவன் கையில் குறை இருந்தால் அமெரிக்காக்காரன் வாங்கியிருப்பானா? (கைதட்டல்) அவன் வேலையை அவன் ஒழுங்காகச் செய்தான். எந்தக் காரை, எந்த விலைக்கு, எந்த நாட்டில் விற்பது என்கிற கணக்கு வேறெங்கோ பிசகியது. கணக்குப் போட்டவர்கள் வேறு கம்பெனிக்குப் போவார்கள். வீட்டுக்கடனும் பிள்ளை ஃபீஸுமாக நின்றவன் யார்? போல்ட் முடுக்கின தொழிலாளி!

எதிரணியில் யாரோ முணுமுணுக்கிறார்கள்: “மக்களுக்குப் பிடிச்ச வண்டியா செய்யல, அதான். அதுவும் தயாரிப்புத் தப்புதானே?” என்று. இல்லை அம்மா. மக்களுக்கு எது பிடிக்கும் என்று காது கொடுத்துக் கேட்பது விற்பனையின் முதல் வேலை. கேட்டபோது ஐகான் வந்தது. கேட்கிற காது மந்தமானால் எப்பேர்ப்பட்ட கையும் சும்மாதான் இருக்க வேண்டும். அதே கம்பெனி 2024-ல், அந்த ஆலையை ஏற்றுமதிக்காகத் திரும்பப் பயன்படுத்த விருப்பம் என்று அரசுக்குக் கடிதம் கொடுத்தது. 2025-ல் இன்ஜின் செய்ய ஒப்பந்தமும் போட்டது. ஊர் அதே ஊர், கட்டடம் அதே கட்டடம். மாறினது எது? சந்தைக் கணக்கு! பூட்டினதும் அதுதான், சாவியைத் தேட வைத்ததும் அதுதான்.

இந்த வலியை நம்ம சீமை நூறு வருஷத்துக்கு முன்பே பட்டிருக்கிறது. ஓட்டப்பிடாரத்துப் பிள்ளை, வ.உ.சிதம்பரனார், 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். காலியா, லாவோ என்று இரண்டு கப்பல். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஓடின. கப்பலில் கோளாறா? இல்லை. பின்னே எங்கே அடித்தான் வெள்ளைக்காரக் கம்பெனி? கட்டணத்தில் அடித்தான்! குறைத்தான், இன்னும் குறைத்தான், கடைசியில் இலவசம் என்றான். இலவசமாக ஏறினால் ஒரு குடையும் இலவசம் என்றான்! ஆடித் தள்ளுபடியெல்லாம் அதற்கு அப்புறம்தான்! 1908-ல் அவரைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். 1911-ல் கம்பெனி மூடப்பட்டது. நல்ல கப்பல், நல்ல மனிதன், நல்ல எண்ணம். சந்தையும் சர்க்காரும் எதிரி கையில் இருந்தது. ஒரு குடை, கப்பலைக் கவிழ்த்தது நடுவர் அவர்களே! (நீண்ட கைதட்டல்)

அதே தூத்துக்குடியில் இன்றைக்கு என்ன நடக்கிறது? சில்லாநத்தத்தில் வியட்நாம் நாட்டு வின்ஃபாஸ்ட் கம்பெனியின் மின்சாரக் கார் ஆலை. 2024 பிப்ரவரி 25-ல் அடிக்கல். 2025 ஆகஸ்ட் 4-ல் திறப்பு. பதினேழு மாதம்! நம்ம வீட்டில் மாடி எடுக்கவே ரெண்டு வருஷம் ஆகிறது. (சிரிப்பு) முதலில் ஆண்டுக்கு 50,000 கார், பிறகு ஒன்றரை லட்சம் வரை உயர்த்தலாம் என்கிறார்கள். வி.எஃப். 6, வி.எஃப். 7 என்று குடும்பத்தோடு போகிற வண்டிகள். வியட்நாமிலிருந்து பாகம் வரும், இங்கே பூட்டுவார்கள். நேரடியாக 3,000 முதல் 3,500 பேருக்கு வேலை என்று சொன்னார்கள். தெற்காசியா, வளைகுடா, ஆப்பிரிக்கா வரைக்கும் இங்கிருந்து அனுப்ப வேண்டும் என்பது திட்டம். பக்கத்திலேயே துறைமுகம். அதன் பெயர் என்ன? வ.உ.சி. துறைமுகம்! (கைதட்டல்)

சந்தோஷம்தான். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஒரு தமிழ் டீச்சரின் பயத்தையும் கேளுங்கள். என் வகுப்பில் படித்த பிள்ளைகள், ஸ்ரீவைகுண்டம், முறப்பநாடு, வல்லநாடு பக்கத்துப் பிள்ளைகள், ஐ.டி.ஐ.யும் டிப்ளமோவும் படித்துவிட்டு அந்த வாசலைப் பார்த்து நிற்கிறார்கள். அவர்களுக்கு ஸ்பானர் பிடிக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டோம். அந்த வண்டியை எந்த ஊரில் எவன் வாங்குவான் என்று யோசிக்கச் சொல்லிக் கொடுத்தோமா? பத்தமடையில் கோரையைப் பட்டு மாதிரி நெய்கிறார்கள். உலகமே மெச்சுகிற பாய். அதை நெய்கிற அம்மா எந்த வீட்டில் இருக்கிறாள், அதை விற்கிறவர் எந்த வீட்டில் இருக்கிறார்? போய்ப் பார்த்துவிட்டு வந்து எனக்குப் பதில் சொல்லுங்கள். செய்யத் தெரிந்தவனுக்குக் கூலி. விற்கத் தெரிந்தவனுக்கு விலை!

(மணி ஒலிக்கிறது)

நடுவர்: முடிச்சுக்கலாம்மா.

ஒரு நிமிஷம் ஐயா. ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். மட்டமான வண்டியை எவ்வளவு பேசினாலும் ஒரு தடவைதான் விற்கலாம். ஹூண்டாயே 1986-ல் அமெரிக்காவுக்குப் போய் முதல் வருஷம் ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கு மேல் விற்றது. பிறகு தரம் சரியில்லை என்று பெயர் கெட்டுப்போனது. வண்டியைத் திருத்தினார்கள், அது தயாரிப்பு. ஆனால் திருந்திவிட்டது என்று அமெரிக்காக்காரன் எப்படி நம்புவான்? “இன்ஜினுக்குப் பத்து வருஷம் நாங்கள் பொறுப்பு” என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் காகிதம்தான் கூட்டத்தைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்தது. தயாரிப்பு உள்ளே நுழைகிற டிக்கெட். உட்கார இடம் பிடித்துக் கொடுப்பது விற்பனை.

என் அண்ணன் மகன் ஒரு கார் ஆலையில் கதவு மாட்டுகிறான். பொங்கலுக்கு வந்திருந்தபோது கேட்டேன், “எய்யா, நீ மாட்டுத காரெல்லாம் எந்த ஊருக்குப் போகுது?” என்று. சொன்னான்: “தெரியாது அத்தை. கண்ணாடில ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். அதுல ஒரு குறி இருக்கும். லெஃப்டா ரைட்டான்னு பாத்து மாட்டுவோம். அம்புட்டுதான்.”

அந்தப் பையன் கையில் குறை இல்லை. அவனுடைய சோறு, அவனுடைய கல்யாணம், நாளைக்கு அவன் பிள்ளையின் படிப்பு, எல்லாம் அந்தச் சீட்டில் இருக்கிற குறியில் இருக்கிறது. எங்கேயோ ஒரு ஊரில், ஒரு ஷோரூமில், யாரோ ஒரு குடும்பத் தலைவி, “சரி, இந்தக் காரையே எடுத்துக்கலாம்” என்று சொன்னால்தான் இவனுக்கு அடுத்த மாதச் சம்பளம். அந்த அம்மாவைச் சரி என்று சொல்ல வைப்பது எது?

அந்தச் சீட்டைப் படிக்கத் தெரிந்த பிள்ளைகளும், ஒருநாள் அந்தச் சீட்டை எழுதுகிற பிள்ளைகளும் இந்த ஆற்றங்கரையிலிருந்து வர வேண்டும். அதற்காகவாவது, கார் உலகை வலம் வரக் காரணம் விற்பனைத் திறனே என்று தீர்ப்புச் சொல்லுங்கள் ஐயா. செய்கிற கையைக் குறைத்துப் பேச நான் இங்கே வரவில்லை. அந்தக் கை சும்மா இருக்கக் கூடாது என்றுதான் வந்தேன்.

(நீண்ட கைதட்டல்)